கர்ரி என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் 'கர்ரி' என்று ஒரு சொல் உண்டு. நம் கறியைத்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் வெள்ளைக்காரன் இப்படி ஆக்கிவிட்டான் என்று பல வருஷமாக நான் பெருமையடித்து வந்திருக்கிறேன். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவனுக்குப் பெருமையடிக்க வேறு விஷயம் அதிகம் கிடைக்காது. பேனா வாங்க வருகிறவர் அது எழுதுகிறதா என்று தாளில் கிறுக்கிப் பார்த்து முடிப்பதற்குள் நான் ஒரு சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லி முடித்திருப்பேன். சிலர் பேனாவை வைத்துவிட்டுப் போனதும் உண்டு.

இந்த வியாதி முற்றியதில், ஒரு சிறு பத்திரிகை மாதாமாதம் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதன் அப்பன் யார், பாட்டன் யார் என்று விசாரிப்பது என் வேலை. இந்தத் தடவை கர்ரி. பாதி எழுதியிருந்தபோது குறுக்கே ஒரு கல்யாணம் வந்தது. அதற்குப் பிறகு மீதியை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கல்யாணச் சாப்பாடுதான் முன்னால் வந்து நிற்கிறது. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொள்ள வேண்டியவர் அவர் இல்லை என்பதுதான் தொந்தரவு.

முதலில், எழுதி முடித்த பாதி.

கறி என்றால் என்ன என்பதில் நமக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. எங்கள் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. வேறு எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். என் கடைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் வீட்டிலோ வாழைக்காயும் கறி, சேனைக்கிழங்கும் கறி. காய்கறி என்று சந்தையில் கேட்டால் முள்ளங்கி வரும். பழைய பாட்டுகளைப் புரட்டினால் கறி என்பது மிளகு. கடித்து மெல்லுவதற்குக் கறித்தல் என்று பெயர். மிளகைக் கறித்ததால் அது கறியாயிற்றா, அல்லது இரண்டும் தனித்தனிக் குடும்பமா என்று அறிஞர்கள் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கிப் போர்த்துகீசியர் 'கரில்' என்று எழுதிவைத்தார்கள். ஆங்கிலேயர் காதில் அது விழுந்த பிறகு, இங்கே எந்தக் குழம்பைப் பார்த்தாலும் கர்ரி என்று சொல்லிவிட்டார்கள். பெயர் கேட்கும் சிரமம் மிச்சம். பிரெஞ்சுக்காரர்களும் விடவில்லை, 'காரி' என்று ஒன்று அவர்களிடமும் இருக்கிறது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பாரிஸ் பக்கம் போய்க் குடியேறிய உறவுக்காரர் ஒருவர், அந்தப் பெயர் ஒட்டிய பொடி பாட்டில் ஒன்றை என் மனைவிக்குப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "மஞ்சத்தூளுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்குங்க" என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதுவரை நம் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரிய அகராதியைத் திறந்தால் அதே எழுத்துகளில் இன்னொரு கர்ரி நிற்கிறது. இதற்கும் நம் கறிக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒழுங்குபடுத்துவது, தயார்செய்வது என்று பொருள். பதனிட்ட தோலைத் தேய்த்து, எண்ணெய் ஏற்றி மெருகாக்குவது கர்ரி. குதிரையின் உடம்பை இரும்புச் சீப்பால் உருவி அழுக்கெடுப்பதும் கர்ரி. நம் சமையலின் வாசனை இங்கிலாந்துக்குத் தெரியவருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்தக் கர்ரி அங்கே குதிரை லாயத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த லாயத்திலிருந்துதான் அடுத்த அர்த்தம் கிளம்பியது. பிரெஞ்சில் ஒரு பழைய கதை. அதில் மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை. கபடமே உருவான பிராணி. ஆனால் நாட்டில் அதற்குத்தான் மவுசு. பெரிய மனிதர்கள், சமயத் தலைவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து அதை உருவிவிடுகிறார்கள், ஏதாவது கிடைக்கும் என்று. அந்தக் குதிரையை உருவுவது என்கிற பேச்சு இங்கிலாந்துக்குப் போனது. அங்கே குதிரையின் பெயர் யாருக்கும் விளங்கவில்லை. ஓசையில் அதற்குக் கிட்டத்தில் இருந்த, தயவு என்று பொருள்படும் தங்கள் சொல் ஒன்றை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். குதிரை போய்விட்டது, உருவுவது மட்டும் தங்கிவிட்டது. பெரிய இடத்தில் காக்காய் பிடிப்பதற்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில், தயவைக் கர்ரி செய்வது என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்.

கல்யாணம் திருமலைராயன்பட்டினத்தில், என் சித்தப்பா மகன் வீட்டில். எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறு குவித்து, நடுவில் கறி வைத்து, ஓரமாகத் தாளிச்சாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் கொண்டுவருவார்கள். அந்தத் தட்டுதான் சஹன். நான்கு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கறியை மட்டும் கை தேர்ந்த ஒருவர் பிய்த்து, எல்லோர் பக்கமும் தள்ளிவிட்டு, தன் பக்கம் கடைசியாக வைத்துக்கொள்வார். நான்கு பேர் சேராத சஹனுக்குச் சோறு வராது. நான்கு பேரும் முடிக்காத சஹனிலிருந்து யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் சஹனில் கறி பிய்ப்பவன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு அவன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்தான். எந்தக் கல்யாணமானாலும் நாங்கள் இருவரும் ஒரே சஹன். மீதி இரண்டு இடத்துக்கு யாராவது வருவார்கள். அவனுக்குத் துணி கிழித்துப் பழகிய கை. எவ்வளவு பெரிய துண்டானாலும் ஒரு இழுப்பில் எலும்பு தனி, சதை தனியாகிவிடும். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சொல் ஆராய்ச்சி பேசிக்கொண்டே, அவன் தள்ளிவிடுவதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உலகத்தில் எனக்கு இருக்கும் ஒரே நிரந்தர வாசகன் அவன்தான். ஓடிப்போக முடியாத இடத்தில் அவனை உட்காரவைத்திருந்தேன் என்பதும் உண்மை.

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த சமயத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் மூடும், மூடினால் திறக்க யோசிக்கும். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, அந்த நாள் வந்ததும் வயிறு சரியில்லை என்று படுத்துக்கொள்வான்.

இந்தக் கல்யாணத்துக்கு அவனை எப்படியாவது அழைத்துப்போவது என்று அவன் வீட்டுக்குப் போனேன்.

"நாலு பேரு நடுவுல சோத்தைச் சிந்திக்கிட்டு உக்கார என்னால ஆவாது மச்சான்," என்றான். "கறியைப் பிக்க முடியாது. இடது கையால தின்னுப் பழக்கமும் இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, பாவம்னு சொல்லி எவனாவது தனித்தட்டும் ஸ்பூனும் கொண்டாந்து வைப்பான். அதுக்கு நான் வீட்டுலயே கஞ்சி குடிச்சிக்கிறேன்."

"தனித்தட்டு எவன் கொண்டாறான்? நான் பக்கத்துல இருக்கேன்ல. நான் பிச்சு உன் பக்கம் தள்ளிர்றேன். எவனுக்கும் தெரியாது."

"நீ பிப்பியா? உனக்கு வாயைத் தவிர வேற எது வேலை செய்யும்?"

அவன் மனைவி தேநீரோடு வந்தவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். என்னை அவள் நானா என்பாள், எங்கள் பக்கத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். "டாக்டர் வெளில நாலு எடம் போவச் சொல்றாரு நானா. இவங்க கடைப்பக்கம்கூட எட்டிப் பாக்குறதில்ல. இந்த ஒரு கல்யாணத்துல உக்காந்து சாப்பிட்டுட்டாங்கன்னா அந்தப் பயம் விட்டுப் போயிடும். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

"இன்ஷா அல்லாஹ், நானே கூட்டிட்டுப் போயி நானே கூட்டிட்டு வர்றேன்மா," என்றேன்.

அவன் இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். பிறகு, "சரி, உன்னை நம்பி வர்றேன்," என்றான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் கறி எடுத்த நாளிலெல்லாம் நான் பிய்க்கப் பழகினேன். எலும்பை அழுத்திப் பிடிக்காமல், சத்தம் வராமல், பக்கத்தில் இருப்பவன் கண்ணில் படாமல் தள்ளிவிட வேண்டும். முதல் நாள் ஒரு துண்டு எகிறி என் மகனின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது.

"என்னங்க, கறியோட சண்டையா?" என்றாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். நல்ல காரியம்தான் என்றாள். கூடவே, "கத்தார்க்காரரும் கல்யாணத்துக்கு வர்றாராமே. மவனுக்காக ஒரு வார்த்தை சொல்லிவைங்களேன். ஊர் உலகத்துல இல்லாத வார்த்தையெல்லாம் பேசுறீங்க," என்றாள்.

கத்தார்க்காரர் என்றால் எங்கள் ஊர்க்காரர்தான். கத்தாரில் குளிர்சாதன வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். என் மகன் பொறியியல் முடித்துவிட்டு, கைபேசிக் கடை ஒன்றில் திரை மாற்றிக்கொண்டிருக்கிறான். "வாப்பா, எனக்காக யார்கிட்டயும் போயி நிக்காதீங்க," என்று அவன் சொன்னான். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலைக்கு ஆட்டுவது சுலபம்.

கல்யாணத்தன்று நண்பன் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, வாசலில் தயாராக நின்றான். ஆட்டோ அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை அவன் சட்டைக் கையை இழுத்து இழுத்து வலது கையை மூடிக்கொண்டே வந்தான். அவனைக் கலகலப்பாக்குவதாக நினைத்துக் கர்ரியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். குதிரையை வரிசையில் வந்து உருவும் கட்டத்தில் அவன் சிரித்துவிட்டான்.

"நம்ம ஊர்ல அந்தக் குதிரை வந்தா வரிசை கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நிக்கும்," என்றான்.

மண்டபத்தில் கூட்டம் அதிகம். தரையில் நீளமாகத் துணி விரித்து, ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நான் முன்யோசனைக்காரன். ஓரத்துத் தூணை ஒட்டி இடம் பிடித்தேன். நண்பனைத் தூண் மறைவில் உட்காரவைத்து, அவன் வலது பக்கம் நான் உட்கார்ந்தேன். எதிரே மாப்பிள்ளை வீட்டார் இருவர், நாகூர்க்காரர்கள், சலாம் சொல்லி அமர்ந்தார்கள். சஹன் நிறைந்துவிட்டது. நண்பன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். யார் யாரோ தூரத்திலிருந்தே கையசைத்தார்கள். அவன் தலையசைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அப்போது நான்கைந்து சஹன் தள்ளிக் கத்தார்க்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் சஹனில் ஓர் இடம் காலி. பெண்ணின் தகப்பனான என் சித்தப்பா மகன் அங்கே நின்றபடி கண்ணால் ஆள் தேடினான். அவன் கண் என்மேல் விழுந்தது. என் கண்தான் முதலில் போய் அவன் கண்ணில் விழுந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நானா, இங்க ஒரு ஆளு குறையுது. வாங்களேன் இப்படி."

எங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைக்காமல் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. அவர்களில் யார் போயிருந்தாலும் அந்தச் சஹன் நிறைந்திருக்கும்.

"ரெண்டு நிமிஷம் மச்சான்," என்றேன் நண்பனிடம். "ஒரு சலாம் சொல்லிட்டு வந்துடறேன்."

சஹனில் போய் உட்கார்ந்தவன் இரண்டு நிமிடத்தில் திரும்பி வர முடியாது. எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். சொன்ன எனக்கும் தெரியும், கேட்ட அவனுக்கும் தெரியும்.

"போ," என்றான். "அங்க சோறு நிக்குதுல்ல."

நான் எழுந்த இடத்தில் பின்னால் நின்றிருந்த ஒருவர் உடனே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபிறகும் நான் நடந்தேன். மகனுக்காகத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு தகப்பன் சொல்லிக்கொள்ள அது வசதியான வாக்கியம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா," என்றேன் கத்தார்க்காரரிடம்.

அவர் சலாம் சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "என்னைப் போயி நானாங்கிறீங்க. ஸ்கூல்ல நீங்க எனக்கு சீனியராச்சே. ப்ரேயர்ல பேசுனதுக்கு வெயில்ல நிக்க வச்சாங்களே, அது நீங்கதானே?"

"நானேதான் நானா," என்றேன்.

சோறு வந்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். கறியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரப் பயிற்சி வீண்போகவில்லை. எலும்பிலிருந்து சதை சத்தமில்லாமல் கழன்று வந்தது. நல்ல துண்டுகளாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் ஒன்றைச் சாப்பிடுவதற்குள் இரண்டைத் தள்ளினேன்.

"போதுங்க. டாக்டர் கறியைக் கொறைக்கச் சொல்லியிருக்காரு."

"கல்யாணச் சோத்துக்கு டாக்டர் ஏது நானா," என்று நல்லி எலும்பைத் தட்டி அதிலிருந்த மஜ்ஜையையும் அவர் சோற்றில் கொட்டினேன். எங்களோடு உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பங்குக் கறியைத் தானே எட்டி எடுத்துக்கொண்டார்.

மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தாமலே, "சி.வி. அனுப்பச் சொல்லுங்க. பாப்போம்," என்றார். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து அதை எத்தனை பேரிடம் சொன்னாரோ, குரலில் அவ்வளவு அசதி இருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் மனதில் நிற்க வேண்டுமே. படித்தவன் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டுமே. என் சரக்கை எடுத்தேன்.

"நாம திங்கிற கறி இருக்கே நானா, இதுதான் இங்கிலீஷ்ல கர்ரின்னு ஆச்சு. ஆனா கர்ரின்னு இன்னொண்ணு இருக்கு. குதிரையைத் தேய்ச்சு உருவிவிடுறதுக்கும் அதே பேருதான்."

"அப்படியா?" நிஜமாகவே ஆர்வத்தோடு என் பக்கம் திரும்பினார். "எதுக்கு உருவுறது?"

என் கை அவர் சோற்றின் மேல் ஒரு துண்டு கறியோடு நின்றது. அடுத்த வரியை நான்தான் எழுதி வைத்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை.

"அழுக்கு போறதுக்குத்தான்," என்றேன்.

அந்த நேரத்தில்தான் தூண் பக்கமிருந்து பரிமாறுகிறவரின் குரல் எழுந்தது. கல்யாண வீட்டில் சோறு போடுகிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "இங்க ஒரு தனித்தட்டு கொண்டாப்பா. ஸ்பூனோட. கை முடியாதவரு ஒருத்தர் இருக்காரு."

தவறு அவர்மேல் இல்லை. நாகூர்க்காரர்கள் மேலும் இல்லை. சோறு சிந்துவதையும், கறியைத் தொடாமல் பச்சடியோடு அவன் ஓரம் பிடித்துச் சாப்பிடுவதையும் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தில் அவர்களில் ஒருவர்தான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் தங்கள் சோற்றுக்குத் திரும்பினார்கள்.

ஒரு எவர்சில்வர் தட்டு தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறிப் போனது. எங்கள் சஹனைத் தாண்டித்தான் போனது. கத்தார்க்காரர் அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். "யாருங்க அது, ஜவுளிக்கடைக்காரரா? நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணா இருப்பீங்களே," என்றார்.

"ஆமாங்க," என்றேன். நானா என்று சொல்ல அப்போது நினைவில்லை.

எழுந்து போயிருக்கலாம். சஹனிலிருந்து பாதியில் எழக் கூடாது என்பது மரியாதைதான், மார்க்கச் சட்டம் இல்லை. எழுந்து போய், கொண்டா நான் பிச்சு வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் பந்தி இடிந்து விழுந்திருக்காது. நான் எழவில்லை. சாப்பிட்டேன். கடைசியில் இனிப்புக்கு ஃபிர்னி வந்தது. அதையும் சாப்பிட்டேன். அவன் தட்டை மடியில் வைத்து, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுவது தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதி தெரிந்தது. அவனை மறைப்பதற்காக நான் தேர்ந்தெடுத்த தூண் எனக்குத்தான் பயன்பட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவன் சாதாரணமாகப் பேசினான். கத்திரிக்காய்ப் பச்சடியில் புளி கூடுதல் என்றான். மாப்பிள்ளை உயரம் என்றான்.

"மச்சான், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டியா அவர்கிட்ட?"

"சி.வி. அனுப்பச் சொன்னார்."

"அனுப்பு. தள்ளிப்போடாதே. புள்ளைக்கு ஒரு வழி பொறந்தா நல்லது," என்றான். குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் சொன்னான். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, அடுத்த வாரம் சமாதானம் ஆகியிருப்போம். அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

அவன் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். "நல்லா சாப்பிட்டீங்களா? ஒண்ணும் சிரமம் இல்லியே?"

"ஓ, நல்ல கவனிப்பு," என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்களாலதான் நானா. அல்லாஹ் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்," என்றாள்.

அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். தலையாட்டி, பரவாயில்லைமா, இதுல என்ன இருக்கு என்று வேறு சொன்னேன். இதை எழுதும்போதுகூட அந்த வாசல்படியில் நின்ற என்னைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ள வேண்டும் போலிருக்கிறது.

பெண்கள் பக்கம் சாப்பிட்டவர்கள் மூலமாக இரண்டொரு நாளில் அவளுக்கு நடந்தது தெரிந்திருக்கும். என் வீட்டுக்கும் வந்துவிட்டது. "இதுக்கா நான் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். மகன் சி.வி.யை அனுப்பினான். பதில் இல்லை. பதில் வந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும் என்று சில நேரம் தோன்றும். வரவில்லையே என்றுதான் பல நேரம் தோன்றும்.

போன வாரம் காரைக்காலிலேயே ஒரு கல்யாண விருந்து. இந்த முறை சரியாக நடந்துகொள்வது என்று உறுதி எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"அவங்க முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்க," என்றாள். பேச்சில் நானா இல்லை.

மண்டபத்துக்கு ஓடினேன். சஹன் விரிப்புக்கு அப்பால், முட்டி மடக்க முடியாதவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நாலைந்து மேசை போட்டிருந்தார்கள். அங்கே அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் தனித்தட்டு, இடது கையில் ஸ்பூன். பக்கத்துக் கிழவரிடம் துணி விலை பேசிக்கொண்டிருந்தான். யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அவனே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவரிடம் எனக்கும் தனித்தட்டு வேண்டும் என்றேன்.

"உனக்கு என்ன கேடு?" என்றான் நண்பன். "கை நல்லாத்தானே இருக்கு. போயி சஹன்ல உக்காரு. அங்க ஆளு குறையும்."

"இங்கதான் உக்காருவேன்."

பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவருக்கு ஒடம்பு முடியலையா?"

"கொஞ்சம் முடியாதவருதான்," என்றான் நண்பன். "எங்கன்னுதான் தெரியல."

கிழவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் தட்டு வந்தது. அவன் தட்டில் ஒரு பெரிய துண்டு எலும்போடு கிடந்தது. ஸ்பூனின் விளிம்பால் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். அது வழுக்கி ஓரத்துக்குப் போனது. நான் கையை நீட்டினேன்.

அவன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். கோபம் எதுவும் தெரியவில்லை. மேசையில் இடம் பண்ணுகிற மாதிரிதான் நகர்த்தினான்.

"வேணாம் மச்சான். நான் பாத்துக்கிறேன். உன் சோறு ஆறுது பாரு," என்றான்.

நீட்டிய கையை எடுத்து என் தட்டில் வைத்தேன். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.